துண்டுக்குள் கேட்ட விலை

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பட்டுக்கடை மாடியில் உள்ள பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கிறேன். நாளை மறுநாள் சிங்கப்பூர். நகரின் நடுவில் நல்ல ஓட்டல் வேண்டும். இந்த ஏலத் தளத்தில் நமக்குக் கட்டுப்படியாகும் விலையை நாமே கேட்கலாம். ஆனால் ஒரே ஒரு முறைதான். அவர்கள் ஒத்துக்கொண்டால்தான் ஓட்டலின் பெயரே தெரியும். எழுபது டாலர் என்று முடிவு செய்து கீபோர்டில் கை வைக்கிறேன்.

மகளின் பரீட்சை ரிசல்ட்டுக்காகப் பக்கத்தில் காத்திருக்கும் மாட்டுத் தரகர், இந்த ஏல விஷயத்தை என்னிடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டவர், பதறிப்போய், தன் துண்டை எடுத்து என் கையோடு கீபோர்டையும் மூடுகிறார்.

“இன்னா சார், நாலு பேர் பாத்துகினு இருக்கறப்ப வெலைய வெளிய காட்டுறீங்க? சந்தையில நாங்க துண்டுக்குள்ளதான் வெரல புடிச்சி பேசுவோம். இப்ப அடிங்க.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு, துண்டுக்குள் தடவித் தடவி அடித்து என்டரையும் தட்டிவிடுகிறேன். நிமிர்ந்து பார்த்தால் திரையில் நாற்பது! கீபோர்டின் வலது ஓர எண் கட்டத்தில் ஏழுக்குக் கீழே இருக்கும் நாலில் விரல் விழுந்திருக்கிறது. போச்சு.

பக்கம் மெல்லத் திறக்கிறது. ஒத்துக்கொண்டார்கள்! ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே ஓட்டல். நாற்காலியை விட்டு எழுந்து கத்திவிடுகிறேன்.

தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறார்.

“ஒரு பேச்சுகூட பேசாம ஒத்துக்கினான் பாருங்க. முப்பதுக்கே குடுத்திருப்பான் சார்!”