புன்னை மரத்தடி ஊஞ்சல்

கரமனை ஆற்றங்கரைக் காட்டின் வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். இயற்கையை நேசித்த முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் காத்த வனமாம். வாய் கூசாத பொய். எங்கள் அக்கிரகாரத்தில் ஒருவரும் அதைக் காக்கவில்லை, பயந்தார்கள். பல் முளைக்காத குழந்தை செத்தால் எரிக்க மாட்டார்கள், அங்கே கொண்டுபோய்ப் புதைப்பார்கள். அதனால் விறகு பொறுக்கக்கூட யாரும் போகவில்லை, மரம் வளர்ந்தது. சரித்திரம் அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் பெண்ணும் அங்கே போனாள். பதினோராம் நாள் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். அவள் ஒன்பதாம் நாளே போய்விட்டாள். பெண்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது. என் கணவர்தான் துணியில் சுற்றி எடுத்துப்போனார். திரும்பி வந்து, "புன்னை மரத்தடி, ஆத்தைப் பாத்து" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, என்னையும் பேச விடவில்லை.

பத்து வருஷம் கழித்து அங்கே பூங்கா அமைக்க அதிகாரிகள் வந்தார்கள். காட்டின் பழைய கதையைக் கேட்க எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் தெருக்காரர்களோடு உட்கார்ந்தார்கள். அமங்கலத்தை வாயால் சொல்லக் கூடாதே! காபியைக் குடித்துவிட்டு, "அங்கே ஒண்ணும் இல்லை சார், வெறும் புதர்" என்று ஒரே குரலில் சாதித்தார்கள். என் கணவர் குரலும் அதில் இருந்தது. காபித் தட்டோடு நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோபம் என்மேலும் உண்டு.

புன்னை மரத்தடியில் ஊஞ்சலுக்குக் குழி தோண்டுகிறார்கள் என்று கேட்டதும் முதல் முறையாக அந்தக் காட்டுக்குள் போனேன். பின்னாலேயே ஓடிவந்த கணவர் காட்டோரத்திலேயே நின்றுவிட்டார். மார்த்தாண்டத்துக்கார மேஸ்திரி கடப்பாரையை நிறுத்தி, "இங்க என்னம்மா கெடக்கு?" என்று கேட்டார்.

"என் குழந்தை" என்றேன்.

மேஸ்திரி என் கணவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "உள்ளதா சாரே? சொன்னா ஊஞ்சல அந்தப் பக்கமா தள்ளிப் போட்டுரலாம்."

"அவளுக்கு பிரஷர் உண்டு. அங்கே ஒண்ணும் இல்லை, நீங்க வேலையைப் பாருங்கோ."

ஊஞ்சல் அங்கேயே வந்தது. ஞாயிறுதோறும் மாலையில் போய் அதில் உட்கார்ந்துகொள்கிறேன். பெரியவர்கள் உட்காரக் கூடாது என்று காவலாளி விசில் ஊதுகிறான். ஊதட்டும். இருட்டும் நேரத்தில் கணவர் என்னைத் தேடி வருவார். வாசல் பலகைக்குப் பக்கத்தில், வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"உள்ளே வாங்கோ" என்று ஊஞ்சலில் இருந்தபடியே கத்துவேன். "இங்கேதான் ஒண்ணும் இல்லையே!"

இன்றுவரை அவர் வந்ததில்லை.