எடுத்துக்கொடுக்காத ஒரு வரி

பேர்பெற்ற ஓர் அமெரிக்க நாடகாசிரியரைப் பற்றி நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்த நாடகத்தை எப்போது தொடங்கினார், எப்போது முடித்தார், முதலில் எந்த ஊரில் மேடையேறியது என்று தேதிவாரியாக. காசநோயில் படுத்திருந்தபோது எழுத வந்தவர். கடைசி ஆண்டுகளில் கை நடுங்கி எழுத முடியாமல் போனவர். நடிகர் எங்கே பேசாமல் நிற்க வேண்டும் என்பதைக்கூட அவரே எழுதிவைத்தார்.

சென்ற ஆண்டு எங்கள் மைசூர் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் அவருடைய குடும்ப நாடகம் ஒன்றிலிருந்து ஒரு காட்சியைத் தமிழில் போட என் மகள் முடிவெடுத்தாள். நர்ஸ் வேலை பார்ப்பவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. நான் மொழிபெயர்த்து, அவளுக்காகக் கன்னட எழுத்தில் ஒரு பிரதியும் எடுத்துக்கொடுத்தேன். தாய் வேடம் அவளுக்கு. "தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளை தமிழ் நாடகம் போடுதாம்" என்று பங்குக் கமிட்டியில் ஒருவர் சிரித்தது அவள் காதுக்கும் வந்திருந்தது. ஒரு வரியில் தடுமாறினாலும் அந்தச் சிரிப்பு ஜெயித்துவிடும்.

திரைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுப்பது எங்கள் வழக்கம். கிறிஸ்துமஸ் நாடகங்களுக்குப் பல வருடமாக நான்தான் அந்த ஆள். நடிகர் மூச்சு வாங்கினாலே அடுத்த வரியைச் சொல்லிவிடுவேன். ஒத்திகையிலும் அப்படியே செய்தேன். 'மௌனம்' என்று ஆசிரியர் எழுதிய இடங்களில் எல்லாம் என் குரல் கேட்டது. அவற்றை மொழிபெயர்த்தவனே நான்தான். கோபம் வந்தால் மகளுக்குக் கன்னடம்தான் வரும். "சும்னிரிப்பா" என்றாள். சும்மா இருந்தேன்.

நாடகத்தன்று, காட்சியின் நடுவே அவள் நின்றுவிட்டாள். என் மடியில் இருந்த பிரதியில் அங்கே மௌனம் இல்லை. மறந்துவிட்டாள் என்று தெரிந்தது. வரி என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். மேசை விளிம்பைப் பிடித்தபடி, மகனாக நடித்தவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மண்டபத்தில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. வாயை மூடிக்கொண்டேன். எத்தனை விநாடி என்று எண்ணவில்லை. எதையும் எண்ணாமல் விட்டது எனக்கே புதிது. பிறகு அவள் அந்த வரியைச் சொன்னாள், மெதுவாக, ஒரு சொல் பிசகாமல்.

முடிந்ததும், அன்று சிரித்த கமிட்டிக்காரரே வந்து, அவள் பேசாமல் நின்ற இடத்தில் தன் அம்மாவையே பார்த்ததுபோல் இருந்தது என்றார்.

அவர் போன பிறகு மகள் கேட்டாள்: "நெஜமாவே மறந்துபோச்சுப்பா. ஏன் எடுத்துக்கொடுக்கல?"

"நீ நின்னதைப் பார்த்தா, எழுதினவரு அங்க ஒரு மௌனத்தை எழுத மறந்துட்டாரோன்னு தோணுச்சு."

மறுநாள் என் பிரதியில் அந்த வரிக்கு மேல் 'மௌனம்' என்று பென்சிலால் சேர்த்தேன். அவருடைய எழுத்தில் நான் கை வைத்தது அந்த ஒரு முறைதான்.