அன்று எங்கள் பாடு இல்லை

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கப்பலுக்குத் துணிப்பொதி ஏற்றிப்போகும் படகில் நான் துடுப்பு போட்டுக்கொண்டிருந்தேன். முகத்துவாரத்தில் ஆழமான வழியைக் காட்ட ஒரு கழி நட்டிருக்கும். மணல் நகர்ந்தால் கழியையும் நகர்த்தி நட வேண்டும். எங்கள் குப்பமும் பக்கத்துக் குப்பமும் அந்த வேலையை நாள் முறை வைத்துச் செய்தோம். மீன் பிடிக்கும் இடங்களுக்கு வைக்கும் முறையைப் போலவே இதற்கும் பாடு என்றுதான் பெயர்.

அன்று காலை கழியின் அடியிலேயே அலை உடைவதைப் பார்த்தேன். அங்கே மணல் மேடேறிவிட்டது என்று புரிந்தது. "இன்னிக்கு நம்ம பாடு இல்லையே" என்று போய்விட்டேன்.

உச்சிவேளையில் அந்தக் கழியை நம்பி வந்த என் மச்சானின் படகு மணலில் ஏறிக் கவிழ்ந்தது. அவனுக்குக் கால் முறிந்தது. கரையில் அவன் அலறிக்கொண்டிருக்க, இரண்டு குப்பத்துத் தலைவர்களும் அன்று யார் பாடு என்று சண்டை போட்டார்கள். மனிதர்களா இவர்கள்!

அதற்குள் கையால் தடவி இறால் பிடிக்கும் ஒருத்தி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கழியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். எங்கள் தலைவருக்கு வந்ததே கோபம்.

"உன்ன யாரு அதத் தொடச் சொன்னது?"

"இன்னா நைனா, யாரு பாடுன்னு கேட்டுக்கினா மணலு நகருது?" என்றாள்.

தலைவரைத் திட்ட வாயெடுத்தேன். ஆனால் காலையிலேயே பார்த்தவன் நான். தண்ணீரில் இறங்கிக் கழியின் மறுமுனையைப் பிடித்தேன்.

மச்சான் இன்றும் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறான். எப்படி ஆச்சு என்று கேட்பவர்களிடம், "மணலு ஏறினத யாரும் பாக்கல, பாவம்" என்கிறான். நான் பார்த்ததை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.