ஏரியலில் வந்த காதுகுத்து

ஏரியல் என்ற எழுத்துருவை எங்கே பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புத்தகப் பக்கங்களை வடிவமைத்துப் பிழைக்கிறவள் இப்படிச் சொல்லக் கூடாதுதான். கணினியைத் திறந்தால் முதலில் வந்து நிற்பதே அதுதான். ஆனாலும் என் தாய்மாமன் மடி எனக்கு இல்லாமல் போனதில் அதற்கும் பங்கு உண்டு.

எனக்குக் காது குத்தியது மூன்றாம் வகுப்பில், பசுவந்தனைப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கு ஒரே மாமா, அம்மாவின் தம்பி. புதியம்புத்தூரில் துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதினார். அங்கே இருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, என் விழாவுக்கு ஃப்ளெக்ஸ் பேனரை அவரே தயாரித்தார். நடுவில் என் படம், சுற்றிலும் அப்பா வழிப் பெரியவர்களின் படங்கள், கீழே அவரவர் பெயர். ஓரத்தில் தன் பெயரை மட்டும் பட்டத்தோடு ஆங்கிலத்தில் போட்டுக்கொண்டார். அம்மா வீட்டில் பி.காம். முடித்தவர் அவர் ஒருவர்தான். அந்த ஆசைகூடவா தப்பு?

கோவில்பட்டிக் கடையில் அச்சடித்துச் சுருட்டிக் கொடுத்ததை, பிரித்துப் பார்க்காமலே நேராகக் கோயிலுக்குக் கொண்டுவந்துவிட்டார். வேப்பமரத்தில் கட்டி விரித்தார்கள். பெரியவர்கள் பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே கிறுக்கல். மாமாவின் பெயர் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். “ஏலே, எங்க பேரயெல்லாம் கிறுக்கிப்போட்டு ஒம் பேர மட்டும் தெளிவா அடிச்சிருக்க. யார மட்டந்தட்டுத?”

“நான் தமிழ்லதான் அடிச்சேன் அத்தான். அங்கன நல்லாத்தான் தெரிஞ்சுது.”

“அப்போ ஒம் பேரு மட்டும் எப்படில ஒழுங்கா வந்துச்சு?”

“எந் தம்பி அப்பிடிச் செய்யமாட்டான்,” என்றாள் அம்மா. இவன் மடியில் பிள்ளையை வைக்கக் கூடாது என்று பெரியப்பா சொன்னதும் அப்பா உட்பட எல்லாரும் தலையாட்டினார்கள். மாமா சீர்த்தட்டைச் சன்னதியில் வைத்துவிட்டுப் பஸ் ஏறப் போனார். பிறகு எங்கள் வாசலை அவர் மிதிக்கவே இல்லை.

அந்த பேனரைப் பெரியப்பா களத்தில் உளுந்து மூட வைத்துக்கொண்டார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊருக்குப் போனபோது அது கண்ணில் பட்டது. கிறுக்கலில் இருந்த சின்ன ‘t’யின் தலை சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. ஏரியலுக்கு உள்ள அடையாளம் அது. மாமா தமிழ் அடித்தது பழைய வகை எழுத்துருவில். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்காரவைத்திருப்பார்கள். கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால் ஏரியல் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. ஆங்கிலத்தில் அடித்த மாமாவின் பெயருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்றின் இடத்தில் வந்து உட்காருவது ஏரியலுக்குப் புதிதல்ல. வேறொரு புகழ்பெற்ற எழுத்துருவின் அகலத்தை எழுத்துக்கு எழுத்து அளந்துதான் அதை வரைந்தார்கள். முகம் வேறு, அகலம் ஒன்று. மாற்றி வைத்தாலும் ஒரு சொல்கூட அடுத்த வரிக்குத் தள்ளாது, வரி உடையாது.

எழுத்துருவை விடுங்கள், அதற்கு என்ன தெரியும்? அத்தனை பெரிய மனிதர்கள் கூடியிருந்தார்களே, கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று ஒருவருக்காவது தோன்றியதா?

அன்றைக்கும் வரி உடையவில்லை. எப்போதும்வென்றான் ஊரிலிருந்து வந்திருந்த ஒன்றுவிட்ட மாமா ஒருவரை உட்காரவைத்தார்கள். அவர் மடியும் அதே அகலம்தான். காது குத்தியாயிற்று, கிடா வெட்டியாயிற்று, எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

அம்மா மட்டும் பஸ் போன பாதையைப் பார்த்து அழுதுகொண்டே இருந்தாள். என் காதுக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, “வலிக்கலம்மா” என்றேன்.