சகாயம் பிரித்த ஜப்பான் மெத்தை

கோவை பீளமேட்டில் மெத்தைக்கடை வைத்திருந்த சகாயம், 1996 நவம்பர் 13, புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு அந்த ஜப்பான் மெத்தையின் தையலைப் பிரித்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. அன்னூர்ப் பக்கம் தோட்டங்காட்டில் கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் வேறு தொழிலுக்கு வந்த முதல் ஆள். இருபத்தாறு வருடத்தில் அவர் கையில் கெட்டுப்போன மெத்தை என்று ஒன்று கிடையாது.

மெத்தை இஷிதா என்ற மனிதருடையது. மில் ஒன்றில் புது மெஷின் பூட்ட வந்த ஜப்பான் இன்ஜினியர். பிப்ரவரி வரை இங்கேதான் இருந்தாக வேண்டும். முதுகில் கோளாறு, கட்டில் ஆகாது. ஊரிலிருந்து கொண்டுவந்த இந்த மெத்தையைத் தரையில் விரித்துப் படுப்பார். காலையில் மூன்றாக மடித்து அலமாரியில் வைத்துவிடுவார். மழையில் அது நமுத்துத் தட்டையாகிவிட்டது. அவர் பெங்களூர் போயிருந்த சமயம் பார்த்து, மில் கெஸ்ட் ஹவுஸில் சமைக்கும் மாசாணியம்மாள் தானாகவே ஆட்டோவில் போட்டு எடுத்துவந்துவிட்டார்.

"ஏனுங்ண்ணா, சனிக்கிழமை அவரு வர்றதுக்குள்ள புசுபுசுன்னு ஆக்கிக் குடுத்துப்போடுங்க. பாவம், இடுப்பப் புடிச்சுக்கிட்டே நடக்கறாருங்க."

"இது மெத்தையா, அப்பளமாங்க அம்மணி? உட்டுட்டுப் போங்க."

பிரித்துப் பார்த்தால், மேலும் கீழும் பஞ்சு. நடுவில் ஒன்றரை அங்குலத்துக்கு வெள்ளையாக, அட்டை போல ஒன்று. வேர்வை இறங்கிய மெத்தையில் நடுப்பஞ்சு இப்படித்தான் கட்டியாகும். கட்டியைப் பிய்த்துப் பஞ்சடிக்கும் மெஷினில் விட்டு அடிப்பதுதான் முறை. அப்படியே செய்தார். கடைசிக் கைப்பிடியும் உள்ளே போனபிறகுதான் பார்த்தார்: பூவாக வரவேண்டியது உருண்டை உருண்டையாக விழுந்துகிடந்தது. ஒன்றை நெருப்பில் காட்டினார். சுருண்டு, பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது. அது பஞ்சே இல்லை. உடம்பு தரையில் இடிக்காமல் தாங்குவதற்கென்று இப்போது ஜப்பானில் வைத்துத் தைக்கிற பாலியெஸ்டர் அட்டை.

அதேபோல் ஒன்று தேடி டவுன்ஹால் கடைவீதியில் ஆறு கடை ஏறி இறங்கினார். ஃபோம் கை வைத்தால் அமுங்கியது. தேங்காய் நார் மடித்தால் மடியவில்லை. கடைசியில், ஆனைமலையிலிருந்து வந்த முதல்தர இலவம்பஞ்சை அடைத்து, அதே அளவில் ஒன்று தைத்தார்.

சனிக்கிழமை மாலை கெஸ்ட் ஹவுஸில் இஷிதா முழங்காலிட்டு அதை அழுத்திப் பார்த்தார். கை தரைவரைக்கும் போயிற்று. மூன்றாக மடித்தார், விட்டதும் விரிந்துகொண்டது. எழுந்து, "வெரி நைஸ். தேங்க் யூ," என்று குனிந்து வணங்கினார்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சகாயத்துக்கு.

"சார், கெடுத்தது நானுங்க. என்ன செய்யட்டுங்க, சொல்லுங்க சார்," என்று அவரும் குனிந்தார். இஷிதா மறுபடி குனிந்தார். இவரும் குனிந்தார்.

"போதுங்ண்ணா! நீங்க குனியக் குனிய அவரும் குனியறாருங்க. இருக்கற இடுப்பும் போயிரும்," என்றார் மாசாணியம்மாள்.

திங்கட்கிழமை சகாயம் மறுபடி போனார். இஷிதா வேலைக்குக் கிளம்பியிருந்தார்.

"வெறுந்தரையில போர்வைய விரிச்சுப் படுக்கறாருங்க," மாசாணியம்மாள் குரலைத் தாழ்த்தினார். "காத்தால செவுத்தப் புடிச்சுத்தான் எந்திரிச்சாரு. கேட்டா, 'நோ ப்ராப்ளம்'ங்கறாருங்க."

வேறொன்று தைத்துத் தரலாமென்று சகாயம் அளவு நாடாவோடு வந்திருந்தார். எதை அளப்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்.