என் நைனாவின் நிர்வாகம்

நான் கடைசியாகப் படித்த புத்தகம் மேனேஜ்மென்ட் படிப்பின் முதல் புத்தகம். அதிலும் மூன்று பாடம்தான் படித்தேன். நான்காவது பாடத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆந்திர எல்லையில் பாலசமுத்திரம் பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது, சித்தூரில் இன்டர் என்கிற பன்னிரண்டாவது, பிறகு திருப்பதியில் ஒரு காலேஜில் பி.பி.எம். என்ற மேனேஜ்மென்ட் படிப்பு. புதிது புதிதாகக் கம்பெனிகள் வரப்போகின்றன, அத்தனைக்கும் மேனேஜர் வேண்டும் என்று பஸ்ஸில்கூடப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பா மற்றவர்களின் கரும்பை வெல்லமாகக் காய்ச்சிக் கொடுக்கும் கூலி வேலை செய்தார். அவருக்குத் தெரிந்த மேனேஜர் ஒரே ஒருவர்தான், பாங்கியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்.

“அந்த மாதிரி ஒரு கதவுக்குப் பின்னால நீ குந்தணும்டா. நான் உள்ள கூட வரமாட்டேன். வெளியில நின்னு பாத்துக்கினு போயிடறேன்” என்றார் நைனா, பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் வைக்கும்போது.

என்னோடு அதே வகுப்பில் என் மாமன் மகனும் சேர்ந்தான். என் அம்மாவின் அண்ணன் மகன், எனக்கு மச்சான் முறை. பிச்சாட்டூர்க்காரன். தெலுங்கு மீடியத்தில் படித்தவன் என்பதால் அவனுக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. எனக்குக் கடைத்தெருத் தெலுங்குதான். விலை கேட்கலாம், வழி கேட்கலாம், அதற்கு மேல் வராது. இரண்டு பேரும் ஒரே அறை எடுத்துத் தங்கினோம். நான் சமைப்பேன், அவன் பாடம் சொல்லிக் கொடுப்பான். அந்த ஏற்பாட்டில் எனக்குக் குறையே இருந்ததில்லை. பிளானிங், ஆர்கனைசிங், ஸ்டாஃபிங், டைரக்டிங், கன்ட்ரோலிங் என்று அவன் சொல்லிக் கொடுத்ததை, அரிசி களையும்போதும் கோவிந்த நாமம் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

வகுப்பில் எங்கள் இருவரையும் “அரவோடு” என்பார்கள். தெலுங்கில் தமிழனைக் கேலியாகச் சொல்லும் சொல் அது. “ஏம் அரவோடா” என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வரும். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்போம். அதற்கு ஒரு சிரிப்பு எழும். இரண்டு பேராக இருந்ததால் எனக்கு அது வலிக்கவில்லை. மச்சானுக்கு எப்படி வலித்தது என்று நான் கேட்டதும் இல்லை.

தீபாவளி முடிந்ததும், ஒவ்வொருவரும் ஒரு கொள்கையை எடுத்துக்கொண்டு கால்மணி நேரம் வகுப்பின் முன் பேச வேண்டும் என்றார் மேனேஜ்மென்ட் சார். இங்கிலீஷ் வராதவர்கள் தெலுங்கில் பேசலாம். பேசாதவனுக்கு இன்டர்னல் மார்க் இல்லை, அது இல்லாவிட்டால் பரீட்சையும் இல்லை. எனக்கு வந்தது யூனிட்டி ஆஃப் கமாண்ட். ஒரு வேலையாளுக்கு ஒரே ஒருவர்தான் உத்தரவு போட வேண்டும் என்ற கொள்கை.

புத்தகத்தில் அதற்கு ஏதோ ஃபேக்டரியை உதாரணம் காட்டியிருந்தார்கள். நான் ஃபேக்டரியைப் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கொள்கையைப் பார்த்திருந்தேன். வெல்லம் காய்ச்சுகிற இடத்தில் பாகு கொதித்துப் பொங்கும்போது நான்கு பேர் கொப்பரையைச் சுற்றி நிற்பார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரும் நிற்பார். ஆனால் “இறக்கு” என்று சொல்லும் உரிமை நைனா ஒருவருக்குத்தான். சொந்தக்காரர் அவசரப்பட்டுச் சொன்னாலும் யாரும் கையை வைக்க மாட்டார்கள். இரண்டு பேர் சொன்னால் பாகு கருகும், இல்லையென்றால் வெல்லம் கட்டாது. கூலிக்காரரான என் நைனா அந்த ஒரு நிமிஷத்துக்கு எல்லாருக்கும் மேலே இருப்பார். பாடத்தைப் படித்தபோது அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நான்கு பக்கம் தமிழில் எழுதினேன். என் வாழ்க்கையில் நானாக எழுதியது அதுதான் முதல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் அதைத் தெலுங்கில் மாற்றிச் சொல்லச் சொல்ல, நான் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொண்டேன்.

“நல்லாத்தான் எழுதிக்கீற மச்சான். சாருக்கே இது தோணாது” என்றான்.

“தப்பு எதுனா கீதா, பாரு. நிர்வாகம்னு பத்து எடத்துல வருது. தெலுங்குலயும் அதானே?”

அவன் தாளை வாங்கிப் பார்த்தான். மெதுவாகவே பார்த்தான். “அதான். அப்டியே வுடு” என்றான்.

மறுநாள் வகுப்பின் முன் நின்றேன். கால் நடுங்கியது. மனதுக்குள் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு, முதல் வரியைக் கணீரென்று சொன்னேன். “மா நாயன நிர்வாகம் வல்லனே பெல்லம் பாக வஸ்தாதி.” என் நைனாவின் நிர்வாகத்தால்தான் வெல்லம் நன்றாக வருகிறது என்பது நான் நினைத்த அர்த்தம்.

வகுப்பே சிரித்தது. நான் நடுங்கியதற்குத்தான் சிரிக்கிறார்கள் என்று எண்ணி, குரலை இன்னும் உயர்த்தி அடுத்த வரியைச் சொன்னேன். அதிலும் நிர்வாகம் இருந்தது. இன்னும் சிரித்தார்கள். பெண்கள் பெஞ்சில் தாவணியால் வாயை மூடிக்கொண்டார்கள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “ஏம்ரா, மீ நாயன அந்த நிர்வாகம் சேசினாடா?” என்று கேட்டார். பின் பெஞ்சுக்காரன் ஒருவன் மேஜையைத் தட்டினான்.

எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த பையன்தான் பரிதாபப்பட்டுச் சொன்னான். தெலுங்கில் அந்தச் சொல்லைக் க-வை அழுத்திச் சொல்வார்கள், அதற்குப் பொருளும் வேறு. ஒருவன் ஒரு காரியத்தைப் பாழாக்கிவிட்டு வந்து நின்றால், “பார் இவன் செய்த நிர்வாகத்தை” என்பார்களாம். உன் அப்பா அவ்வளவு பெரிய கூத்தா பண்ணினார் என்றுதான் சார் கேட்டிருக்கிறார். என் நைனா பண்ணிய கூத்தால்தான் வெல்லம் நன்றாக வருகிறது என்று அத்தனை பேர் முன்னால் நான் சொல்லியிருக்கிறேன். நாங்கள் தமிழில் சொல்கிற நிர்வாகத்துக்குத் தெலுங்கில் ‘நிர்வஹண’ என்று சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தில் எழுதிய என் தாளில் இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? தெரிய வேண்டியவன் ஒருவன்தான்.

எனக்கு அடுத்துப் பேச வேண்டியவன் மச்சான்தான். எழுந்து போனான், சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான், என் பக்கம் பார்க்கவில்லை. “நிர்வாகம் காதண்டி, நிர்வஹண” என்று தொடங்கினான். நிர்வாகம் இல்லைங்க, நிர்வஹண. வகுப்பு கைதட்டியது. பிறகு கால்மணி நேரமும் அந்தச் சொல்லைத் துல்லியமாகச் சொன்னான். அன்றோடு அவனை யாரும் அரவோடு என்று கூப்பிடவில்லை. அந்தப் பெயர் எனக்கு மட்டும் ஆயிற்று. அதுவும் ஒரு வாரம்தான். பிறகு என் பெயரே நிர்வாகம் ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் அறையில் கேட்டேன். “தெரிஞ்சிக்கினுதானே வுட்ட?”

“நீ எழுதினதத்தான் நான் மாத்தினேன்.”

“அப்போ நீ மட்டும் எப்டி சரியா சொன்ன?”

“அது என் செமினாரு மச்சான்” என்றான். அடுப்பில் சோறு இருந்தது. தட்டைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நான் சோறு போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவன் தின்று முடித்து எழுந்து போனான்.

பத்து நாள் காலேஜுக்குப் போனேன். பதினோராம் நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். நைனா காரணம் கேட்டார். நான் சொல்லவில்லை. சொன்னால், “உன் பேரைச் சொல்லித்தான் நைனா சிரிச்சாங்க” என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காலேஜ் பக்கம் ஒதுங்கியறியாத மனிதர். அவர் செய்யும் வேலையை நான் காலேஜில் பெருமையாகச் சொல்லப் போய் இப்படி ஆயிற்று என்று எந்த வாயால் சொல்வேன்? அவர் தானே பஸ் ஏறித் திருப்பதிக்குப் போய் மச்சானைக் கேட்டுவிட்டு வந்தார்.

“படிப்புல புத்தி போவலியாமே உனக்கு” என்றார் வந்ததும். கோபமாகச் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மறுநாள் என்னைக் கூடவே வேலைக்குக் கூட்டிப் போனார். நான் புத்தியில்லாதவன் என்ற எண்ணத்தோடேதான் அவர் கண்ணை மூடினார்.

மச்சான் படித்து முடித்துப் பெங்களூருக்குப் போனான். கம்பெனிகள் வரிசையாக வந்த வருஷங்கள். ஒன்றை விட்டு ஒன்று மாறி மேனேஜர் ஆனான். என் தங்கையைத்தான் கல்யாணம் செய்துகொண்டான். முறைப்பையன், பெரியவர்கள் எப்போதோ பேசி வைத்தது. வேண்டாம் என்று சொல்ல என்னிடம் இருந்த காரணம் ஒரு சொல். ஒரு சொல்லுக்காகத் தங்கை வாழ்க்கையை நிறுத்துவார்களா? தாரை வார்க்கும்போது தண்ணீர் ஊற்றியது நான்தான். குறை சொல்லக்கூடாது, அவளை நன்றாகத்தான் வைத்திருக்கிறான். நான் கரும்புக் காலத்தில் வெல்லம், மாம்பழக் காலத்தில் கூழ் ஃபேக்டரி என்று பிழைத்தேன். ஆண்டவன் சோற்றுக்குக் குறை வைக்கவில்லை.

போன வருஷம் அவர்கள் மகள் காலேஜில் சேர்ந்தாள். அதற்காக வேண்டிக்கொண்டபடி குடும்பத்தோடு மலைக்கு நடந்து ஏறி, தரிசனம் முடித்து, கீழே திருப்பதியில் ஒரு சத்திரத்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பெண் என்னிடம், “மாமா, நானும் மேனேஜ்மென்ட்தான். நீங்களும் கொஞ்ச நாள் படிச்சீங்களாமே?” என்று ஆசையாகக் கேட்டாள்.

மச்சான் முந்திக்கொண்டான். “உங்க மாமா செமினார் கதை தெரியாதா உனக்கு?” என்று தொடங்கி, நைனா, வெல்லம், சார் கண்ணாடி துடைத்தது எல்லாவற்றையும் நடித்துக் காட்டினான். நன்றாகத்தான் சொன்னான். ஆபீஸில் பல தடவை சொல்லிப் பழகியது போல இருந்தது. பந்தியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். என் மனைவிகூடச் சிரித்தாள், அவளுக்கு நான் இதைச் சொன்னதே இல்லை. கடைசியில் அவன், “நான் மொத நாளே தலையால அடிச்சிக்கினேன். நிர்வஹணன்னு சொல்லு மச்சான்னேன். கேட்டாத்தானே?” என்றான்.

நான் இலையை மூடினேன்.

“காணிப்பாக்கம் வந்து அதச் சொல்றியா?” என்று கேட்டேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் பொய் சொன்னவன் உருப்பட மாட்டான் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். தகராறு என்றால் அங்கே போய்க் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு சன்னதியில் நின்று பிரமாணம் செய்வார்கள். திருடியவன்கூடக் குளத்துப் படியிலேயே ஒப்புக்கொண்டு திரும்பியதுண்டு.

“ண்ணா, வெளையாட்டுப் பேச்சுக்குப் போய் பிரமாணமா?” என்றாள் தங்கை. அவள் கை தானாகத் தாலியைப் பிடித்துக்கொண்டது.

“வரேன், இதுல இன்னா கீது?” என்றான் அவன். “சாமி கும்புட்ட மாதிரியும் ஆச்சு.”

மறுநாள் காலையில் போனோம். படியில் அவன் இறங்கும்போது நான் காத்திருந்தேன். முழுகுவதற்கு முன் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான், “மச்சான், வுட்டுடு” என்பான் என்று நினைத்தேன். அது போதும் எனக்கு, அங்கேயே விட்டிருப்பேன். அவன் திரும்பவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டான். சொட்டச் சொட்ட வந்து சன்னதியில் நின்று, கைகூப்பி, “நான் இவங்கிட்ட சொன்னேன், இவந்தான் கேக்கல. இது சத்தியம்” என்றான்.

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பயமே இல்லை. பொய் சொல்கிற முகமாகவும் இல்லை. சொல்லிச் சொல்லி அவனுக்கு அது நடந்ததாகவே ஆகிவிட்டது. அவனுக்குள் எங்கேயாவது உண்மை ஒளிந்துகொண்டிருக்கும், ஒரு நாள் வெளியே வரும் என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அங்கே ஒன்றும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இப்போது என் ஒருவன் தலைக்குள்தான் இருக்கிறது.

வெளியே வந்ததும் தங்கை கேட்டாள். “உன் மனசு ஆறிச்சா ண்ணா?” நான் தலையாட்டினேன்.

ஆடி மாதம் அவளிடமிருந்து போன் வந்தது. “அவரு வண்டியில இருந்து வுழுந்துட்டாரு ண்ணா. கை எலும்பு வுட்டுப்போச்சாம்.” பிறகு மெதுவாக, “அதுக்குத்தானா ண்ணா?” என்றாள்.

“சீ. மழைல ரோடு வழுக்கி வுட்டுக்கீது. கண்டதயும் நெனைக்காத” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. முதல் பஸ்ஸில் காணிப்பாக்கம் போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். பிள்ளையாரப்பா, அவன் சொல்லியிருப்பான், நான்தான் கேட்கவில்லை, எனக்குத்தான் ஞாபகம் பிசகு, அவன் செய்த பிரமாணம் சரியானதுதான் என்று சொன்னேன். வாழ்நாளில் சாமி முன்னால் நான் சொன்ன ஒரே பொய் அது. குளத்தில் முழுகாமல்தான் சொன்னேன்.