சத்தம் நின்ற ஜீப்

எங்கள் ஊர் மிராசுதாரின் ஜீப் கண்ணில் படுவதற்கு வெகு நேரம் முன்பே காதில் விழுந்துவிடும். வாய்க்கால் கரையில் எங்கோ தொலைவில், மூடிய கதவை யாரோ தட்டுவதுபோல ‘டொக், டொக்’ என்று ஒரு சத்தம் கிளம்பும். நடவுக்காகத் தண்ணீர் கட்டிய வயல்கள் அந்தச் சத்தத்தை வாங்கி இன்னும் தூரத்துக்கு அனுப்பிவைக்கும். அதைக் கேட்டதும் வயலில் குனிந்திருக்கும் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். வரப்பில் நின்று கூலி விஷயம் பேசிக்கொண்டிருக்கும் சங்கத்து ஆள் வாழைக்கொல்லைக்குள் மறைந்துவிடுவார். ஜீப் வந்து நிற்கும்போது, சேற்றில் நாற்று ஊன்றும் சளக் சளக் ஓசை மட்டுமே மிச்சம் இருக்கும்.

அந்த ஜீப்பைச் சரிசெய்யும் வேலை ஒரு நாள் என்னிடம் வந்தது.

பாபநாசத்துக்குக் கொஞ்சம் மேற்கே, தஞ்சாவூர் சாலையோரத்தில் என் பட்டறை இருந்தது. நாலு மூங்கில் கால்கள், மேலே கீற்று. ஸ்பேனர்கள் மாட்டிய பலகைக்கு மேல் வேளாங்கண்ணி மாதா படம். எங்கள் வீட்டில் எல்லோரும் கூலிக்கு வயலில் இறங்கினவர்கள். தஞ்சாவூரில் பாதிரிச் சாமியார்கள் நடத்திய தொழிற்பள்ளியில் இடம் கிடைத்ததால் நான் மட்டும் சேற்றிலிருந்து கிரீஸுக்கு மாறினேன். அக்கா அப்போதும் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நடவுப் பெண்களில் அவள் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள்.

அது ஊருக்கு ஊர் கொடிக்கம்பங்கள் முளைத்த காலம். பேருந்து நிற்கும் இடத்தில் கறுப்புச் சிவப்பு, எங்கள் தெரு முனையில் முழுச் சிவப்பு. புது ஆட்சி வந்துவிட்டது, இனி நிலத்துக்கு உச்சவரம்பு வரும், உழுகிறவனுக்குப் பட்டா வரும் என்று டீக்கடைகளில் பேசினார்கள். அதே டீக்கடைகளில், கிழக்கே சில ஊர்களில் கூலித் தகராறில் நடந்ததைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். எங்கள் ஊரிலும் கூலி நெல்லைக் கூட்டித் தரச்சொல்லி சங்கம் கேட்டிருந்தது. தாசில்தார் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசுவதாக இருந்தது. அதுவரை பழைய கூலிக்கே குறுவை நடவு நடந்தது. வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கப்போகிறார்கள் என்ற வதந்தி மட்டும் நாள்தோறும் புதிதாகப் பிறந்துகொண்டிருந்தது.

அப்படி ஒரு காலையில்தான் அந்த ‘டொக், டொக்’ என் பட்டறை வாசலில் வந்து நின்றது. மிராசுதார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். அறுபது வயதை ஒட்டியவர். தும்பைப்பூ வேட்டி. ஜீப்பை எப்போதும் அவரே ஓட்டுவார்.

“என்னடா இது, ஒவ்வொரு பள்ளத்துலயும் எலும்பு கழண்டு போவுது. ஸ்டியரிங் வேற தன் இஷ்டத்துக்குப் போவுது. பாரு.”

நான் குனிந்து பார்த்தேன். சக்கரத்துக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகள் இருக்கும். பட்டையின் இரண்டு முனைகளும் சுருண்டு கண் போல ஒரு துளை. அந்தக் கண்ணுக்குள் ஒரு ரப்பர் புஷ் உட்கார்ந்திருக்கும். இரும்போடு இரும்பு இடிக்காமல் தாங்குவது அதுதான். இந்த ஜீப்பில் ரப்பர் இருந்த இடத்தில் கருப்பாகக் கொஞ்சம் தூள் இருந்தது. போல்ட்டு வெறும் இரும்பில் ஆடிக்கொண்டிருந்தது.

“எல்லாப் புஷ்ஷும் போயிடுச்சுங்க. புதுசு போடணும். வண்டிய விட்டுட்டுப் போங்க.”

“போட்டா இந்தச் சத்தம் நின்னுடுமா?”

“நின்னுடுங்க.”

அவர் தலையாட்டிவிட்டு சாலையில் வந்த ஒரு மாட்டுவண்டியை நிறுத்தி ஏறிப் போனார். நான் சொன்ன சொல் அதன் பிறகுதான் எனக்கே உறைத்தது. நின்றுவிடும். அப்புறம் வயலில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

அன்று பகல் முழுவதும் ஜீப்பின் அடியில் கோணியை விரித்துப் படுத்திருந்தேன். துருவேறிய போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு, அது ஊறும்வரை காத்திருந்தேன். ஒரு வண்டியின் அடிவயிறு தனி உலகம். அங்கே வெயில் கிடையாது. சாலைச் சத்தம்கூடத் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோலக் கேட்கும். பட்டைகளின் இடுக்கில் எத்தனையோ வருஷத்து மண் படிந்திருந்தது. ஒரு அடுக்கு கரிசல், அதன் மேல் ஆற்று மணல், அதன் மேல் எங்கள் ஊர் வயலின் களிமண். எங்கள் பெண்கள் மிதித்த மண் இது என்று நினைத்தபடியே உளியால் சுரண்டினேன். ஓர் இடத்தில் கை நின்றுவிட்டது. சட்டத்தின் மூலையில் அப்பியிருந்த ஈர மண்ணில் ஒரு நெல் முளைத்திருந்தது. இரண்டு இலை. வெளிச்சம் வரும் பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு, வண்டி போகிற இடமெல்லாம் போய்வந்து வளர்ந்திருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. ஜீப்பின் அடியெல்லாம் பயிராகி, நான் அந்தப் பயிருக்குள் மல்லாந்து கிடப்பதாகக் கனவு. காற்று வந்து கதிர்கள் என் முகத்தில் உரசின. எந்தச் சத்தமும் இல்லை. கண் விழித்தபோது மண்ணெண்ணெய்ச் சொட்டு ஒன்று என் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. அந்த நாற்றை மண்ணோடு பெயர்த்து, பட்டறைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலின் ஓரத்தில் வைத்தேன்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் சேறு காய்ந்த காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“என்னடா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

“மிராசுதாரு ஜீப்பு என்கிட்ட வந்திருக்குக்கா. புஷ் மாத்தணும்.”

“மாத்து. அதுதான உன் வேல?”

“மாத்துனா சத்தம் வராது. உங்க பக்கத்துல வந்து நிக்கிற வரைக்கும் உங்களுக்குத் தெரியாது. நீங்க பேசுறது, சங்கத்து ஆளு வர்றது, எல்லாம்...” நான் இழுத்தேன். “பேருக்கு எதையாச்சும் திணிச்சு, சத்தம் போகாம பாத்துக்கவா?”

அக்கா செம்பைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள்.

“அந்தச் சத்தம் எங்களக் காப்பாத்துதுன்னு நெனக்கிறியா? அது கேட்டா வாய மூடுறோம். அவ்வளவுதான். கூலி கேக்குறோம்னு தாசில்தாரு வரைக்கும் சொல்லியாச்சு. அவருக்கும் தெரியும். அப்புறம் எதுக்கு ஒரு மனுஷன் வாழைக்குள்ள ஒளியணும்? நீ ஒழுங்கா மாத்திக் குடு. நாங்க பேசுறத நிறுத்தாம பாத்துக்கறோம்.”

“ஏதாச்சும் வம்பாயிட்டா?”

“ஆனா ஆவட்டும். எல்லார்கிட்டயும் நானே சொல்லிடுறேன்.”

மறுநாள் முதல் பேருந்தில் தஞ்சாவூர் போய் புஷ்கள் வாங்கி வந்தேன். புது ரப்பருக்கு ஒரு வாசனை உண்டு. மழை வருவதற்கு முன் வீசும் வாசனையோடு அதற்கு ஏதோ உறவு இருப்பதாக எனக்கு எப்போதும் தோன்றும். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, அடியில் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தேன். பெரும்பாலான போல்ட்டுகள் ஊறியதில் வழிக்கு வந்தன. ஒன்று மட்டும் பிடிவாதம் பிடித்தது. நெருப்புக் காட்டிச் சூடாக்கி அடித்ததில், பெருமூச்சு விட்டதுபோல வெளியே வந்தது. பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கண்ணுக்குள் கிடந்த பழைய புஷ்ஷின் இரும்புக் குழலை வைஸ் இடுக்கியில் வைத்து அழுத்தித் தள்ளினேன். துருவைச் சுரண்டி உள்ளே வழவழப்பாக்கி, புதுப் புஷ்ஷுக்குச் சோப்புத் தண்ணீர் தடவி மெல்ல மெல்ல உள்ளே ஏற்றினேன். எண்ணெய் தடவினால் சுலபம். ஆனால் ரப்பர் சீக்கிரம் கெட்டுவிடும்.

எல்லாவற்றையும் பூட்டியதும் போல்ட்டுகளை இறுக்கிவிடக் கூடாது. வண்டியைக் கீழே இறக்கி, அதன் பாரம் முழுக்கச் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து கிழிந்துபோகும். நான் ஜீப்பை இறக்கினேன். அது லேசாக ஆடி, புது இடத்தில் படுக்கிற மாடுபோல உடம்பைச் சரிசெய்துகொண்டு அமைந்தது. அதன் பிறகு இறுக்கினேன்.

வண்டியை எடுக்க அடுத்த நாள் அதிகாலையிலேயே மிராசுதார் வந்தார். ஓட்டிக் காட்டச் சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சாலையை விட்டு ஆற்றங்கரை வழியாக எடுத்தேன். ஆற்றில் புதுத் தண்ணீர் செந்நிறமாக, கரையைத் தொட்டும் தொடாமலும் போய்க்கொண்டிருந்தது. கரையோரத்து நாணல் தலைக்கு மேல் மெல்லிய புகைபோல ஆவி நின்றது. பள்ளங்களில் ஜீப் அமிழ்ந்து எழுந்தது. ஆனால் சத்தமில்லை. டயர் மணலை நெரிக்கும் ஓசை கேட்டது. மதகில் தண்ணீர் விழுவது, எங்கோ ஒரு செம்போத்து இடைவெளி விட்டுக் கூவுவது, இதெல்லாம் கேட்டன. நாங்கள் இருவரும் படகில் போகிறவர்கள்போல இருந்தோம். கரைதான் எங்களுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

அவர் கண்ணை மூடியிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, “வண்டி ஓடுதா?” என்று கேட்டார்.

“ஓடுதுங்க.”

“தூங்குற மாதிரி இருக்குடா” என்றார்.

அடுத்த சில நாட்கள் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம் அதே ஜீப் என் வாசலில் நின்றிருந்தது. வந்ததே எனக்குத் தெரியவில்லை. மிராசுதார் இறங்கி வந்து, கவிழ்த்துப்போட்ட பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். அவர் என் பட்டறையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“அந்தப் பழைய புஷ்ஷ திரும்பப் போட முடியுமாடா?”

நான் தவறாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். “புதுசுல ஏதாச்சும் கோளாறுங்களா?”

“ஒரு கோளாறும் இல்ல.” கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “கீழ வயலுக்குப் போனேன். வாழை மறைப்புல நிறுத்தினேன். யாரும் திரும்பிப் பாக்கல. பேசிக்கிட்டே நட்டாளுக. எல்லாம் காதுல விழுந்துச்சு.”

என் அக்காவின் முகம்தான் கண் முன்னால் வந்தது.

“கூலியப் பத்தியும் பேசுனாளுக. அது தெரிஞ்ச கதைதான். திட்டுவாளுகன்னு பாத்தேன். அதுக்கும் தயாராத்தான் நின்னேன்.” ஜீப் பக்கம் திரும்பிக்கொண்டார். “ஒருத்தி சொல்றா, பாவம் அந்த மனுஷன், புள்ளைங்க ரெண்டும் பட்டணத்துல, பொண்டாட்டியும் போயிட்டா, சாப்புடுறப்ப எதிர்ல உக்காந்து பேச ஒரு ஆள் கெடையாது, அதான் ஜீப்ப எடுத்துக்கிட்டு வயல் வயலா சுத்துறாருன்னு. மத்தவளுக எல்லாம் ஆமா ஆமாங்குறாளுக.”

வெளியே ஒரு பேருந்து போனது. அதன் காற்றில் கீற்று சலசலத்து அடங்கியது.

“திட்டியிருந்தா வந்த வழியே போயிருப்பேன்” என்றார்.

“பழசு தூளாயிடுச்சுங்க. அதத் திரும்பப் போட முடியாது.”

“சரி” என்று எழுந்தார். இன்னும் எதையோ கேட்க நினைத்தவர்போல ஜீப்பைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். பிறகு ஏறிப் போய்விட்டார்.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். “அவரு வந்தாரா? எங்களுக்குத் தெரியவே தெரியாதே” என்று வாயில் கை வைத்தாள். அந்த வார்த்தையைச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. அவளாகவும் சொல்லவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, “உண்மையத்தான பேசுனோம்” என்றாள். “அதுக்காக அரை மரக்கால் கூலியக் கொறச்சுக் கேக்க முடியுமா?”

அந்த வாரத்திலிருந்து மிராசுதார் வாய்க்கால் திருப்பத்திலேயே ஹாரன் அடிக்கத் தொடங்கினார். நீளமாக ஒன்று, அப்புறம் சின்னதாக ஒன்று. பெண்கள் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்கள். சங்கத்து ஆள் வரப்பிலேயே நின்றார். முதல் நாள் அந்த ஆளின் கால் தன்னால் வாழைக்கொல்லைப் பக்கம் திரும்பியது என்று அக்கா சொல்லிச் சிரித்தாள்.

தாசில்தார் ஆபீஸில் பேச்சுவார்த்தை நடந்த நாளில் நானும் போய் வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே குரல்கள் உயர்ந்தன. மற்ற மிராசுதார்கள் வெளியூர் ஆள்தான் ஒரே வழி என்றார்களாம். கடைசியில் எங்கள் ஊர் மிராசுதார், “கேட்டதுல பாதி தர்றேன், வெளி ஆளு வேணாம்” என்று மட்டும் சொன்னாராம். அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். வெளியே வந்த அக்காவிடம் பெண்கள் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். “பாதிதான்” என்றாள் அவள். சந்தோஷமா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியாத குரல். லாரிகள் வரவில்லை. எங்கள் ஊரில் அந்தக் குறுவையில் யாருக்கும் காயம் படவில்லை. அந்த வருஷங்களில் அதுவே பெரிய விஷயம்.

மிச்சப் பாதிக்காக இன்னும் பல வருஷம் போராடினார்கள். உச்சவரம்பு வந்தபோது மிராசுதார் கொஞ்ச நிலத்தை உறவுக்காரர்கள் பேருக்கு மாற்றினார், எல்லோரும் செய்ததுதான். மாற்றாமல் விட்ட கொஞ்சத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதில் ஒரு துண்டு, வடிகால் ஓரத்தில் தண்ணீர் தேங்குகிற தாழ்ந்த மூலை, அக்கா பேருக்குப் பட்டாவாக வந்தது.

முதல் நடவுக்கு என்னையும் இறங்கச் சொன்னாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். கணுக்காலுக்கு மேல் குளிர்ந்த சேறு ஏறியது. வானம் முழுக்க அந்தத் துண்டுத் தண்ணீரில் கிடந்தது; மேகத்தின் மேல் கால் வைத்து நடப்பதுபோல இருந்தது. என் விரல்களுக்கு நாற்றைப் பிடிக்கிற பழக்கம் விட்டுப்போயிருந்தது. நான் ஊன்றியதில் பாதி மிதந்து போயிற்று.

“வண்டிக்கு ஆணி அடிக்கிறியா?” என்று அக்கா சிரித்தாள். நான் நட்ட வரிசை பாம்பு போல வளைந்து போயிருந்தது. அவள் பின்னாலேயே வந்து, மிதந்தவற்றை எடுத்து ஒவ்வொன்றாக ஊன்றிக்கொண்டே, யாரோ ஒருத்தியின் மகளுக்கு வந்திருக்கும் வரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.